மண்ணில் நைட்ரேட் அளக்கும் சென்சார்: முதன்முதலாகச் செய்து பார்ப்பவர்களுக்கு

மண்ணில் இருக்கும் சத்தை அளக்க ஒரு சென்சார் செய்ய வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்த போர்டு வாங்கலாம், எந்த சென்சார் நல்லது என்பதைத்தான். அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வயலில் நிற்பவரின் கேள்வியிலிருந்து தொடங்குவோம். பெரம்பலூர் பக்கம் புரட்டாசிப் பட்டத்தில் மக்காச்சோளம் விதைத்தவர், 25ஆம் நாள் மேலுரம் போடும் நேரத்தில் கேட்பது இதுதான்: "தம்பி, இப்ப யூரியா போடலாமா? எத்தனை மூட்டை?" நம் கருவி இதற்குப் பதில் சொல்ல உதவ வேண்டும். திரையில் பத்து எண்கள் ஓடினாலும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அவர் அதை மறுநாள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், அதில் அவர் தவறு எதுவும் இல்லை.

45 கிலோ யூரியா மூட்டை மானிய விலையில் 266 ரூபாய் 50 காசு. விலை குறைவு என்பதால் "எதுக்கும் ஒரு மூட்டை கூடவே போட்டு வைப்போம்" என்பது பழக்கமாகிவிட்டது. பயிர் எடுத்துக்கொள்ளாத தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரேட்டாக மாறித் தண்ணீரோடு கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அளவு, அதைத் தாண்டிய கிணறுகள் நம் ஊர்களிலேயே இருக்கின்றன. இன்னொரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது, அது நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. ஒரு மூட்டையை எப்போது போட வேண்டாம் என்று நம்பிக்கையோடு சொல்ல முடிந்தால் எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் படி: ஒரே ஒரு சத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) மூன்றையும் ஒரே கருவியில் அளக்க ஆசையாகத்தான் இருக்கும். தொடக்கத்தில் வேண்டாம். மணிச்சத்து மண்ணில் இறுக ஒட்டிக்கொண்டு கிடப்பது, ஒரு வாரத்தில் பெரிதாக ஏறி இறங்காது. சாம்பல்சத்தும் ஏறக்குறைய அப்படித்தான். இரண்டுக்கும் ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை மண் ஆய்வுக்கூடத்தில் பார்த்தாலே போதும். நைட்ரேட்தான் வாரத்துக்கு வாரம் மாறுவது. களிமண் துகளின் மேல் எதிர்மின்னேற்றம் இருக்கிறது, நைட்ரேட்டும் எதிர்மின்னேற்றம் கொண்டது, அதனால் மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. ஒரு பெரிய மழை பெய்தால் வேர்ப்பகுதியிலிருந்து காணாமல் போய்விடும். இப்படி வேகமாக மாறுவதை அளக்கத்தான் சென்சார் தேவை.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் தேங்கிய நீரில் நெல் பயிரிடுபவர் என்றால் இந்த வழி உங்களுக்கு உதவாது. தண்ணீர் நிற்கும் வயலில் காற்று இல்லாததால் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வாயுவாக்கி விரட்டிவிடும், அங்கே தழைச்சத்து அம்மோனியமாகத்தான் இருக்கும். நெல்லுக்கு இலை வண்ண அட்டை இருக்கிறது. நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை இலையை அட்டையோடு ஒப்பிட்டு, நிறம் 4க்குக் கீழே போனால் (வெள்ளைப் பொன்னிக்கு 3க்குக் கீழே) உரம் போடுவது. பேட்டரி வேண்டாம், கம்பி வேண்டாம், நன்றாக வேலை செய்கிறது. நாம் மக்காச்சோளம், தக்காளி, மிளகாய், பருத்தி மாதிரி ஈரமும் காற்றும் சேர்ந்து இருக்கும் நிலத்துக்குப் போவோம்.

இரண்டாம் படி: கடையில் கிடைக்கும் "என்பிகே" குச்சியைச் சோதித்துப் பாருங்கள்

இணையக் கடைகளில் மூன்று அல்லது ஐந்து எஃகுக் கம்பிகளோடு, மண்ணில் குத்தினால் உடனே மூன்று சத்தையும் காட்டும் என்று ஒரு கருவி விற்கிறார்கள். ஆர்எஸ்485 என்னும் தரவுக் கம்பி வழியாக எண்கள் வரும், இஎஸ்பி32 என்னும் சிறு கணினி போர்டோடு அரை மணியில் இணைத்துவிடலாம். அதனால்தான் கல்லூரி புராஜெக்ட்டுகளில் பாதி இதில்தான் ஓடுகிறது. இந்த வகைக் குச்சிகள் அளப்பது பெரும்பாலும் மண்ணின் மின்கடத்தும் திறனை, அந்த ஒரே அளவை வைத்துக் கணக்குப் போட்டு மூன்று எண்களாகக் காட்டுகின்றன. எஃகுக் கம்பியால் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

என் சொல்லை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். ஒரு டம்ளரில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றிக் குச்சியை வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சமையல் உப்பு அரைச் சிட்டிகை போட்டுக் கலக்குங்கள். உப்பில் இருப்பது ஏறக்குறைய முழுவதும் சோடியமும் குளோரினும்தான், தழையும் மணியும் சாம்பலும் சொல்லும்படி எதுவும் அதில் கிடையாது. எண்கள் மூன்றும் ஏறினால் நீங்கள் வாங்கியது உப்புமானி. நான் இதைச் செய்யாமல் ஒரு குச்சியைத் தக்காளி வயலில் இரண்டு மாதம் புதைத்து வைத்திருந்தேன். ஆழ்குழாய்க் கிணற்று உப்புத்தண்ணீர் பாயப் பாயத் தழைச்சத்து ஏறுகிறது என்று அது காட்டிக்கொண்டே இருந்தது, செடியின் அடி இலைகள் மஞ்சளாகிக்கொண்டே வந்தன. அந்த நிலத்துக்காரர் எண்ணை நம்பி உரத்தைத் தள்ளிப்போட்டார். அதற்குப் பிறகுதான் எந்தக் கருவியையும் டம்ளர் சோதனை இல்லாமல் வயலுக்குக் கொண்டுபோவதில்லை என்று முடிவு செய்தேன்.

வாங்கிவிட்டவர்கள் தூக்கிப் போட வேண்டாம். ஈரம், வெப்பம், உப்பின் போக்கு இவற்றைப் பார்க்க அது நல்ல துணை.

மூன்றாம் படி: மண்ணெடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மின்னணு வேலை தெரிந்தவர்கள் இதைத்தான் அவசரமாகக் கடந்துவிடுவார்கள். ஒரே வயலில் பத்தடி தள்ளினால் நைட்ரேட் இரண்டு மடங்கு மாறியிருக்கலாம், போன வருடம் எரு கொட்டிய இடம் ஒன்று போதும் உங்கள் கணக்கு முழுவதும் புரண்டுபோக. அதனால் ஒரு ஏக்கரில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களில் எடுங்கள். வரப்போரம், வாய்க்காலோரம், மரத்தடி, எருக்குவியல் கிடந்த இடம், மாடு கட்டிய இடம் இவற்றை விட்டுவிடுங்கள். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் சுவரிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் ஒரு வில்லை செதுக்கி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, மறுபடி கலந்து, அரைக் கிலோ வரும்வரை குறையுங்கள். பழைய உரச் சாக்கில் மட்டும் மண்ணை வைக்காதீர்கள்.

நைட்ரேட்டுக்கு மட்டும் தனியாக ஒன்று கவனிக்க வேண்டும். ஈரமான மண் பையில் இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் உள்ளே நுண்ணுயிர்கள் வேலையைத் தொடர்ந்து நைட்ரேட் அளவை மாற்றிவிடும். அன்றைக்கே அளந்துவிடுங்கள். முடியாவிட்டால் ஐஸ் பெட்டியில் வையுங்கள், அல்லது நிழலில் மெல்லிசாகப் பரப்பி வேகமாக உலர்த்திவிடுங்கள்.

நான்காம் படி: மின்முனையும் சுற்றும்

நைட்ரேட்டை நேரடியாக உணர எளிய வழி அயனி தேர்வு மின்முனை, அதாவது கரைசலில் ஒரு வகை அயனியை (மின்னேற்றம் கொண்ட துகளை) தேர்ந்து உணரும் குச்சி. அதன் நுனியில் பிவிசி சவ்வு இருக்கும், அந்தச் சவ்வுக்குள் நைட்ரேட்டை மற்ற அயனிகளைவிட அதிகம் ஏற்றுக்கொள்ளும் ஒரு வேதிப்பொருள் கலந்திருக்கும். கரைசலில் நைட்ரேட் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்பச் சவ்வின் இருபுறமும் ஒரு மின்னழுத்தம் உண்டாகும். 25 டிகிரியில் நைட்ரேட் பத்து மடங்கு கூடினால் ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் குறையும். இந்த ஒரு உறவை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் புரியும்.

அந்த மின்னழுத்தத்தை ஒப்பிட ஒரு ஒப்பு மின்முனையும் வேண்டும். சாதாரண ஒப்பு மின்முனைக்குள் பொட்டாசியம் குளோரைடு இருக்கும், அது கசிந்து வந்து நைட்ரேட் மின்முனையைக் குழப்பும். இரட்டை அறை கொண்டதை வாங்கி, வெளி அறையில் அம்மோனியம் சல்பேட் கரைசல் நிரப்பிக்கொள்ளுங்கள்.

சவ்வின் மின்தடை மிகப் பெரியது, மெகாஓம் கணக்கில் இருக்கும். சாதாரண மல்டிமீட்டரை வைத்தால் மீட்டரே அந்தச் சிறு மின்னோட்டத்தை இழுத்துவிடும், எண் சரிந்துகொண்டே போகும். அதனால் நடுவில் உள்ளீட்டு மின்தடை மிக அதிகமான ஒரு ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சில்லு) வேண்டும். பிஎச் (அமில, காரத் தன்மை) அளக்க விற்கும் ஆயத்தப் பலகையையே இதற்கும் பயன்படுத்தலாம், அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதிலிருந்து வரும் மின்னழுத்தத்தை அதை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 என்னும் 16 பிட் மாற்றிக்குக் கொடுத்து, அங்கிருந்து இஎஸ்பி32க்கு. போர்டிலேயே இருக்கும் மாற்றியை நம்பாதீர்கள், சில மில்லிவோல்ட் பிழைகூட நைட்ரேட் கணக்கில் பெரிதாகத் தெரியும். பக்கத்தில் டிஎஸ்18பி20 வெப்பமானி ஒன்று. மின்முனைக் கம்பி உறை போட்டதாக, குட்டையாக இருக்கட்டும். மோட்டார் ஓடும் கொட்டகைக்குள் வைத்து அளக்காதீர்கள்.

ஐந்தாம் படி: அளவுத்திருத்தம்

இந்த முழு வேலையிலும் அதிக நேரம் இதற்குத்தான் கொடுக்க வேண்டும். மின்முனை கொடுப்பது வெறும் மில்லிவோல்ட், அதற்கு அர்த்தம் கொடுப்பது இந்தப் படிதான்.

ஆய்வகத் தரமுள்ள பொட்டாசியம் நைட்ரேட்டை உலர்த்தி 7.22 கிராம் நிறுத்து ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால், நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் கொண்ட கரைசல் கிடைக்கும். (பொட்டாசியம் நைட்ரேட் உப்பைத் தீயருகே வைக்காதீர்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.) இதைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து 100, 10, 1 என்று மூன்று செய்துகொள்ளுங்கள். அப்புறம் 26.4 கிராம் அம்மோனியம் சல்பேட்டை 100 மில்லி ஆகும்படி நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, அளக்கப்போகும் ஒவ்வொரு 100 மில்லியிலும் 2 மில்லி சேருங்கள். தரக் கரைசலிலும் (அந்த 100, 10, 1 மூன்றும்) சேர்க்க வேண்டும், மண் சாற்றிலும் (மண்ணை நீரில் குலுக்கி எடுப்பது) சேர்க்க வேண்டும். அப்போதுதான் இரண்டிலும் அயனிச் செறிவு ஒரே மாதிரி இருக்கும், ஒப்பிட முடியும்.

நீர்த்ததிலிருந்து செறிந்ததை நோக்கிப் போங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே மின்முனையைக் கழுவி ஒற்றி எடுங்கள், எண் நிற்கும்வரை காத்திருங்கள், ஓரிரு நிமிடம் ஆகலாம். 10க்கும் 100க்கும் இடையே 54 முதல் 60 மில்லிவோல்ட் வித்தியாசம் வந்தால் மின்முனை நலமாக இருக்கிறது. 40 வந்தால் சவ்வு பழையது, அல்லது அளக்கும் முன் மின்முனையைப் போதுமான நேரம் ஊறவைக்கவில்லை. 1க்கும் 10க்கும் இடையே கொஞ்சம் குறைவது இயல்பு. இதைத் தினமும், அளக்கத் தொடங்கும் முன்பு, செய்ய வேண்டும். சலிப்பாக இருக்கும்தான், ஆனால் நேற்றைய அளவுத்திருத்தத்தை வைத்து இன்றைக்கு உரம் சொல்லக்கூடாது.

ஆறாம் படி: மண்ணிலிருந்து எண்ணுக்கு

ஈர மண் 20 கிராம், காய்ச்சி வடித்த நீர் 100 மில்லி, மூடியுள்ள பாட்டிலில் போட்டு அரை மணி நேரம் குலுக்குங்கள். செம்மண் சீக்கிரம் தெளிந்துவிடும். கரிசல் மண் தெளியாது, மணிக்கணக்கில் கலங்கியே நிற்கும். 2 மில்லி அம்மோனியம் சல்பேட் கரைசலைச் சேர்த்ததும் துகள்கள் ஒன்றுகூடிப் படியத் தொடங்கும், அதனால் கரிசலுக்கு அதை முதலிலேயே சேர்த்துவிடுவது நல்லது. வடிதாளில் வடிகட்டினால், மண் போடாத வெறும் நீரையும் அதே தாளில் வடித்து ஒருமுறை அளந்து பாருங்கள், சில தாள்களிலேயே நைட்ரேட் ஒட்டியிருக்கும்.

இப்போது ஒரு கணக்கு. மின்முனை காட்டும் மில்லிவோல்ட்டைத் தரக் கரைசல்களில் வந்ததோடு ஒப்பிட்டால் சாற்றில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லி நீர், 20 கிராம் மண், எனவே ஐந்தால் பெருக்கி மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அந்த 20 கிராமில் ஈரமும் இருக்கிறதே. கொஞ்சம் மண்ணைத் தனியாக நிறுத்து 105 டிகிரி உலர்த்தும் அடுப்பில் (ஓவனில்) ஒரு நாள் வைத்து எடுங்கள், அது இல்லையென்றால் பழைய வாணலியில் சிறு தீயில் எடை குறைவது நிற்கும்வரை கிளறுங்கள். உலர் மண்ணின் எடையில் 15 சதவீதம் ஈரம் என்று வந்தால், நீங்கள் எடுத்த 20 கிராமில் உலர் மண் 17.4 கிராம்தான், மீதி 2.6 கிராம் தண்ணீர். அப்படியானால் கணக்கு 4 × 102.6 ÷ 17.4, அதாவது கிலோவுக்கு 23.6 மில்லிகிராம்.

ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண் சுமார் எட்டரை லட்சம் கிலோ இருக்கும். அதனால் 0.85ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு 20 கிலோ தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ. ஆக, அந்த நிலத்தில் ஏறக்குறைய ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமமான சத்து ஏற்கெனவே கிடக்கிறது! முதன்முதலாக இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது நான் மூன்று தடவை திரும்பப் போட்டுப் பார்த்தேன். விவசாயியிடம் "23.6" என்று சொல்லாதீர்கள், "ஏக்கருக்கு ஒரு மூட்டை அளவு மண்ணிலேயே இருக்கு அண்ணே" என்று சொல்லுங்கள்.

ஏழாம் படி: உங்கள் எண்ணைச் சந்தேகப்படுங்கள்

மண் சாற்றை அளந்த பிறகு அதே 100 மில்லியில், ஐந்தாம் படியில் முதலில் செய்த 1000 கரைசலை 1 மில்லி சேருங்கள். மேலே சொன்ன 4 என்ற சாறு இப்போது 13.9 பக்கம் வர வேண்டும். 9 என்றோ 20 என்றோ வந்தால் சாற்றில் வேறு ஏதோ குறுக்கே நிற்கிறது, பெரும்பாலும் குளோரைடு. உப்புத்தண்ணீர் பாயும் நிலங்களில் இது அடிக்கடி நடக்கும்.

அப்புறம் மண் மாதிரியைப் பாதியாகப் பிரித்து ஒன்றை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். இங்கேதான் நிறையப் பேர் மனமுடைந்துபோகிறார்கள். மண்வள அட்டையில் தழைச்சத்து ஹெக்டேருக்கு 210 கிலோ என்று வந்திருக்கும், உங்கள் கருவி ஹெக்டேருக்கு 50 என்று சொல்லும். கருவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். நம் ஆய்வுக்கூடங்கள் தழைச்சத்துக்குச் செய்வது காரப் பெர்மாங்கனேட் முறை, அது அங்ககப் பொருளிலிருந்து எளிதில் விடுபடக்கூடிய நைட்ரஜனையும் சேர்த்துக் கணக்கிடும். நீங்கள் அளப்பது இன்றைக்கு வேர் எடுத்துக்கொள்ளக்கூடிய நைட்ரேட்டை மட்டும். இரண்டும் வெவ்வேறு கேள்விகள். அதனால் நைட்ரேட்டைத் தனியாக அளந்து தரும்படி கேட்டு, குறைந்தது 20 மாதிரிகளாவது ஒப்பிடுங்கள். நைட்ரேட் சோதனைத் தாளும் ஒன்று வாங்கி வையுங்கள், மலிவான சாட்சி. அந்தத் தாள் நைட்ரேட்டாகக் காட்டினால் 4.43ஆல் வகுத்தால்தான் நைட்ரஜன் கணக்கு வரும், இதை மறந்து நான்கு மடங்கு பிழையோடு வந்தவர்கள் பலர்.

எட்டாம் படி: எத்தனை இருந்தால் போதும்?

அமெரிக்காவின் வெர்மான்ட்டில் 1984இல் மேக்டாஃப் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் மக்காச்சோளத்துக்கு ஒரு சோதனையைக் கொண்டுவந்தார்கள். பயிர் ஓரடி உயரம் வரும்போது மேல் 30 சென்டிமீட்டர் மண்ணில் நைட்ரேட் நைட்ரஜன் கிலோவுக்கு 20 முதல் 25 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மேலுரத்தால் விளைச்சல் பெரிதாகக் கூடுவதில்லை என்பது அதன் சாரம். கலிபோர்னியாவில் இலைக்கோசு (லெட்டூஸ்) வயல்களிலும் 20 என்பதையே வரம்பாக வைத்து உரத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். இவற்றை நமக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே குளிர் விட்டு மண் மெதுவாகச் சூடாகிறது, இங்கே மழையும் வெயிலும் மாறி மாறி வந்து எல்லாம் வேகமாக நடக்கிறது. ஆழமும் 30 சென்டிமீட்டர் என்பதைக் கவனியுங்கள், மேல் 15, கீழ் 15 என்று தனித்தனியாக எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டு உங்கள் மண்ணில் சரிபாருங்கள், எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

ஒன்பதாம் படி: புதைக்க வேண்டுமா?

மண்ணுக்குள்ளேயே புதைத்து வைத்துத் தானாக அளக்கும் சென்சார்தான் எல்லோருடைய கனவும். பெர்க்லி, விஸ்கான்சின் பல்கலைக்கழகங்களில் சவ்வையும் மின்முனையையும் அச்சடித்தே மலிவாகச் செய்யும் முயற்சிகள் நடக்கின்றன. தொல்லைகள் இவைதான்: மண் காய்ந்தால் சவ்வுக்கும் மண்ணுக்கும் தொடர்பு அறுந்துவிடும், சவ்வின் மேல் நுண்ணுயிர் படரும், நாள் போகப் போக எண் தானாக நகரும், மண்ணுக்குள் இருப்பதை எடுத்துத் தரக் கரைசலில் வைத்துச் சரிபார்க்கவும் முடியாது. முதல் வருடத்திலேயே இதில் இறங்காதீர்கள்.

அதற்குப் பதில் மண்ணிலிருந்து நீரை மேலே எடுத்து அளக்கலாம். ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவில் ரிச்சர்ட் ஸ்டிர்சேக்கர் உருவாக்கிய புல்ஸ்டாப் என்ற கருவி ஒரு புனல்தான். வேர் ஆழத்தில் புதைத்து வைத்தால், பாய்ச்சிய நீர் அந்த ஆழத்துக்கு வந்ததும் மேலே ஒரு மிதவை எழும்பிக் காட்டும். புனலில் சேர்ந்த நீரை ஊசிக்குழலால் உறிஞ்சி நைட்ரேட் பார்க்கலாம். ஆப்பிரிக்காவில் சிறு பாசனத் திட்டங்களில் இந்த வகை எளிய கருவிகளை விவசாயிகளே கையாளுகிறார்கள். நுண்துளைப் பீங்கான் முனையுள்ள குழாயைப் புதைத்து, காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கியும் மண்நீரை எடுக்கலாம், சொட்டுநீர் போட்ட தக்காளி, மிளகாய்க்கு இது ரொம்பப் பொருத்தம். 15 சென்டிமீட்டரில் ஒன்று, 45இல் ஒன்று வையுங்கள். மேலே குறைந்து கீழே ஏறுகிறது என்றால் நீங்கள் உரத்தைத் தண்ணீரோடு வேருக்குக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள், உரத்தைக் குறைப்பதற்கு முன்னால் பாசன நேரத்தைக் குறையுங்கள்.

பத்தாம் படி: வயலே சொல்லட்டும்

உங்கள் எண்ணை நம்பி முழு வயலிலும் யூரியாவைக் குறைக்கச் சொல்லாதீர்கள், அது அடுத்தவர் பிழைப்பு. ஒரே வயலில் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி மண்ணில், நான்கு நான்கு பார்களாக (பயிர் வரிசைகளாக) மூன்று பட்டைகள் கேளுங்கள். ஒன்றில் அவர் வழக்கமாகப் போடும் அளவு, ஒன்றில் உங்கள் கருவி சொன்ன அளவு, இன்னொன்றில் மேலுரமே இல்லாமல். மூலைகளில் குச்சி நட்டு வண்ணத் துணி கட்டிவிடுங்கள், ஆள் மாறி உரம் வீசும்போது பட்டை கலந்துபோவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. முடிந்தால் மூன்று நான்கு வயல்களில் இதையே செய்யுங்கள். மழை பெய்த நாள், பாய்ச்சிய நாள், உரம் போட்ட நாள் மூன்றையும் நோட்டில் எழுதிவையுங்கள், செல்போனில் மட்டும் வைத்தால் அறுவடைக்குள் தொலைந்துவிடும். அறுவடையன்று ஓரப் பார்களை விட்டுவிட்டு நடுப் பார்களின் கதிரைத் தனித்தனியாக ஒடித்து, நிலத்துக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எடை போடுங்கள். எடையை அவரே நோட்டில் எழுதட்டும்.